பசுவின் உரிமையும் மனிதனின் உலாவலும்



இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவ்வழக்கில் வாதியாக நின்றது இலண்டன் நகராண்மைக் கழகம். பிரதிவாதிகளாக நின்றவர்கள் பெருநிலக்கிழார்கள். வழக்கில் அடங்கிய பொருள் பல்லாயிரம் ஏக்கர் காடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காட்டிற்குச் சென்று நிழலில் அமர்ந்து நல்ல காற்றை நுகர்ந்து வந்த பல்லாயிரம் ஏழைத் தொழிலாளர்களின் நன்மைக்காகவே அவ்வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆயினும் அந்தத் தொழிலாளர்களைப் பற்றி நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வழக்கு முழுவதும் பசுக்களைப் பற்றியே நடந்தது. பசுக்கள் வென்றன, அவற்றின் பின்னே மனிதர்களும் உள்ளே நுழைந்தார்கள்.

வரலாற்றுப் பாடநூல்களில் ‘வேலியடைப்பு இயக்கம்’ என்ற தலைப்பில் அரைப் பக்கம் இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அந்த அரைப் பக்கத்தை வகுப்பில் நடத்தியவன்தான். காரணங்கள் மூன்று, விளைவுகள் நான்கு என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். அந்த வேலிகளுக்கு அப்பால் நின்றவர்கள் யார், உள்ளே போக அவர்களுக்கு என்ன உரிமை இருந்தது என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன். ஓய்வு பெற்ற பின்னரே இதை நிதானமாகப் படிக்க எனக்கு நேரம் வாய்த்தது.

முதலில் ‘பொதுவெளி’ என்பது யாது என்று தெளிவு செய்துகொள்ள வேண்டும். நம் ஊர்களில் மந்தைவெளி உண்டு. மேய்க்கால் புறம்போக்கு உண்டு. இவை அரசின் கணக்கில் அரசு நிலங்கள். ஊரார் அனைவரும் மாடு மேய்க்கலாம். இங்கிலாந்தின் பொதுவெளி சற்று வேறுபட்டது. அங்கே மண் ஒருவருக்குச் சொந்தம். அவரை நம் பழைய ஜமீன்தாருக்கு ஒப்பிடலாம். ஆனால் அந்த மண்ணின் மீது முளைக்கும் புல்லில் அக்கம்பக்கத்து நிலமுடையோருக்கும் உழவருக்கும் பங்கு உண்டு. ஒருவருக்கு மாடு மேய்க்கும் உரிமை. மற்றொருவருக்கு விறகு வெட்டும் உரிமை. வேறொருவருக்குப் பன்றியை விட்டு ஓக் மரத்துக் காய்களைத் தின்னச் செய்யும் உரிமை. எழுத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழிவழியாக வந்த இவ்வுரிமைகளை நீதிமன்றங்கள் மதித்தன. இத்தகைய உரிமை பெற்றோரைப் பொதுவுரிமையாளர் என்று அழைப்போம்.

இலண்டனுக்கு வடகிழக்கே எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பரந்து கிடந்த எப்பிங் காட்டில் இன்னும் ஒரு சிறப்பு இருந்தது. அது அரசர்களின் வேட்டைக்காடு. மண் நிலக்கிழார்களுடையதாயினும் மான் அரசருடையது. மான் தடையின்றி ஓடித் திரிய வேண்டும் என்பதற்காக, எவரும் வேலி கட்டலாகாது என்று காட்டுச் சட்டம் விதித்தது. அச்சட்டம் கொடியது, அதன் கடுமையைத் தணிக்கவே 1217ஆம் ஆண்டில் மூன்றாம் ஹென்றியின் பெயரால் ‘காட்டுச் சாசனம்’ வெளியாயிற்று. மகா சாசனத்தைப் பற்றி எல்லோரும் பேசுவர். அதன் தம்பியான இச்சாசனத்தை நினைப்பவர் சிலரே. அது போகட்டும். அரசனின் வேட்டை வெறிக்காக இயற்றப்பட்ட வேலித் தடை, நூற்றாண்டுகள் கடந்தபின் ஏழையின் மாட்டுக்குப் பாதுகாப்பாயிற்று என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1801இல் இலண்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம். 1881இல் அது 38 லட்சம். தொழிற்சாலைகளும் கப்பல் துறைகளும் நிறைந்த கிழக்கு இலண்டனில் ஒரே அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. 1856இல் லௌட்டன் என்னும் காட்டோரச் சிற்றூருக்கு இருப்புப் பாதை வந்தது. புகையில் வாழ்ந்தவர்களுக்குப் பசுமை எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. ஆனால் அதே இருப்புப் பாதை நிலத்தின் விலையையும் உயர்த்திற்று. புல் முளைக்கும் ஏக்கர் சில பவுன் பெறும். வீடு கட்டும் ஏக்கரோ பன்மடங்கு பெறும். வெளியை நாடுவோர் பெருகப் பெருக, வெளியை விற்போரின் ஆசையும் பெருகிற்று.

அக்காலத்தில் வேலியடைப்பு என்பது புதுமையன்று. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றால் அடைபட்ட நிலம் 68 லட்சம் ஏக்கர். இவையெல்லாம் போதாவென்று, 1235இல் இயற்றப்பட்ட மெர்ட்டன் சட்டத்தையும் சில நிலக்கிழார்கள் தூசி தட்டி எடுத்தனர். பொதுவுரிமையாளருக்குப் போதிய புல் விட்டுவைத்தால் எஞ்சியதை நிலக்கிழார் அடைத்துக்கொள்ளலாம் என்பது அதன் விதி. ‘போதியது’ எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் யார்? முதலில் வேலி போடுகிறவர்தாம்.

எப்பிங் காட்டைப் பொறுத்தவரையில் மானுக்கான வேலித் தடை ஒன்றே எஞ்சியிருந்தது. அரசாங்கத்தின் காட்டுத் துறையினர் அதையும் விற்றுவிட்டனர்! வேட்டையாட மன்னர் வருவதில்லை. வீணாகக் கிடக்கும் உரிமையைக் காசாக்கலாம் என்று கருதி, நிலக்கிழார்களுக்கே ஏக்கர் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 பவுன் விலையில் கொடுத்தனர். அண்டையிலிருந்த ஹெய்னால்ட் காடு அதைவிடக் கொடிய கதிக்கு உள்ளாயிற்று. 1851இல் ஒரு சட்டத்தால் அது காடு என்னும் நிலையையே இழந்தது. சில வாரங்களில் மரங்கள் வேரோடு பெயர்க்கப்பட்டு, பழங்காடு உழவு நிலமாயிற்று. எப்பிங்கில் 1777இல் ஏறத்தாழ 9,000 ஏக்கராக இருந்த திறந்த காடு, 1870ஐ ஒட்டி 3,000 ஏக்கராகச் சுருங்கிவிட்டது.

இனி லௌட்டன் ஊருக்கு வருவோம். அவ்வூர் ஏழைகளுக்கு ஒரு பழைய உரிமை உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு தொடங்கி ஏப்ரல் 23 வரை காட்டு மரங்களின் கிளைகளைக் கழித்து விறகாக எடுத்துக்கொள்ளலாம். மரத்தை அடியோடு வெட்டலாகாது. ஆள் உயரத்துக்கு மேலேதான் கழிக்க வேண்டும். கழித்த இடத்தில் புதுக்கிளை தழைக்கும். மாடு எட்டிக் கடிக்க முடியாது. இவ்வாறு பல தலைமுறை கழிக்கப்பட்ட பீச், ஹார்ன்பீம், ஓக் மரங்கள் குட்டையாய், அடிபருத்து, தலையில் பல கைகளோடு நின்றன. எப்பிங் காட்டின் விசித்திர உருவமே ஏழைகளின் அரிவாள் செதுக்கியதுதான்.

அவ்வுரிமையை ஆண்டு தவறாமல் முதல் நள்ளிரவிலேயே செயற்படுத்த வேண்டும், தவறினால் உரிமை அழிந்துவிடும் என்பது ஊரார் நம்பிக்கை. ஓர் ஆண்டு நிலக்கிழாரின் ஆட்கள் விறகு வெட்டிகளுக்கெல்லாம் விருந்து வைத்து, மதுவில் மயக்கி, நள்ளிரவைக் கடத்திவிடச் சூழ்ச்சி செய்தார்களாம். தாமஸ் வில்லிங்கேல் என்ற முதியவர் மட்டும் நழுவிச் சென்று, ஒரு கிளையை வெட்டிவந்து விருந்து மேசையின் மீது போட்டாராம். இது ஊர் வழக்கில் உலவும் கதை. சான்று உள்ள வரலாறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வில்லிங்கேல் என்ற விறகு வெட்டி வாழ்ந்ததும் போராடியதும் வரலாறு.

1860களின் நடுவில் லௌட்டன் நிலக்கிழார் மெயிட்லண்ட் என்பவர் ஏறத்தாழ 1,300 ஏக்கரை வேலியிட்டு அடைத்தார். அவர் அவ்வூர்ப் பாதிரியாரும் ஆவார். நவம்பர் வந்தது, வில்லிங்கேல் குடும்பத்தார் வழக்கம்போல் வேலியைத் தாண்டிக் கிளை கழித்தனர். 1866இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த மூவர் சிறை சென்றனர். தம் பாட்டன் செய்ததைத் தாமும் செய்தது குற்றமாயிற்று.

இச்செய்தி இலண்டனில் ஒரு புதிய சங்கத்தின் காதுக்கு எட்டியது. 1865இல் ஷா-லெபெவர் என்னும் பாராளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் ‘பொதுவெளிப் பாதுகாப்புச் சங்கம்’ நிறுவப்பட்டிருந்தது. ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற அறிஞர்களும் அதில் இருந்தனர். இலண்டன் மக்களுக்கு உலாவ இடம் வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். அதற்கு அவர்கள் சட்ட நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது திகைத்தனர். பொதுமக்கள் ஒரு திறந்த வெளியில் மனம்போல் உலாவலாம் என்னும் உரிமையை ஆங்கிலச் சட்டம் அறியவே அறியாது! ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும் பாதையில் நடக்க உரிமை உண்டு. பாதையை விட்டு விலகிப் புல்லில் உலாவ உரிமை இல்லை. நூறு ஆண்டு உலாவினாலும் அது உடையவரின் தயவே. இந்த விதி அதன் பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது. ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்கற்களைச் சுற்றி வேலி போட்டதைப் பற்றிய வழக்கில், பொதுமக்களுக்கு அங்கே உலாவும் உரிமை இல்லை என்று 1905இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே சங்கத்தார் ஒரு சூழ்ச்சி கண்டனர். நற்சூழ்ச்சி என்றே சொல்வேன். உலாவுபவனுக்கு உரிமை இல்லை. மாட்டுக்காரனுக்கு உண்டு, விறகு வெட்டிக்கு உண்டு. அவன் உரிமையைக் காத்தால் வேலி விழும். வேலி விழுந்தால் உலாவுபவனைத் தடுப்பார் யார்?

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து முதன்முதலில் பணியேற்ற சிற்றூரில், பள்ளிக்குப் பின்புறம் மேய்க்கால் புறம்போக்கு ஒன்று இருந்தது. பகலில் மாடு மேயும். மாலையில் எங்கள் மாணவர் சடுகுடு ஆடுவர். ஆண்டுகள் சென்றன; ஊரில் மாடுகள் குறைந்தன. ஒருநாள் காலையில் அங்கே கல்லும் கம்பியும் நடப்பட்டிருக்கக் கண்டோம். விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலுவலகம் சென்றேன். அங்கிருந்தவர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். ‘மேய்க்கால் என்றுதானே இருக்கிறது, விளையாட்டு என்று எங்கே இருக்கிறது? உங்கள் பள்ளிக்கு மாடு இருக்கிறதா?’ என்றார். அவர் ஏளனமாகச் சொன்னார் என்றே அன்று வருந்தினேன். எப்பிங் வழக்கைப் படித்தபோதுதான், சட்டத்தின் நெடிய மரபு ஒன்றை அறியாமலே அவர் எனக்கு எடுத்துரைத்தார் என்று விளங்கிற்று.

சங்கத்தின் முறையை அக்காலத்தில் துணிகரமாகக் காட்டியது பெர்க்கம்ஸ்டெட் நிகழ்ச்சி. அவ்வூர்ப் பொதுவெளியில் 400 ஏக்கருக்கு மேல் பிரௌன்லோ பிரபுவின் இரும்பு வேலி அடைத்து நின்றது. அங்கே பொதுவுரிமை உடையவர் அகஸ்டஸ் ஸ்மித் என்னும் செல்வர். 1866 மார்ச்சு 6ஆம் நாள் நள்ளிரவில் இலண்டனிலிருந்து தனி இரயிலில் 120 கூலியாட்கள் புறப்பட்டனர். பொழுது விடிவதற்குள் வேலி முழுவதும் பெயர்த்து அடுக்கப்பட்டுக் கிடந்தது. காலையில் ஊரார் வண்டியிலும் கால்நடையாகவும் வந்து, தம் பழைய வெளியில் நடந்து பார்த்தனராம். வழக்கும் எதிர்வழக்கும் நடந்து, 1870இல் ஸ்மித்தே வென்றார். ஆனால் பொருளுடைய ஒருவர் இருந்ததால்தான் அங்கே இரயில் வந்தது. விறகு வெட்டிக்கு இரயில் ஏது?

வில்லிங்கேலின் பெயரால் சங்கம் 1866இல் வழக்குத் தொடுத்தது. அவர் ஊரில் குடியிருந்தால்தான் உரிமை நிற்கும். ஊரில் வீடுகளோ பெரும்பாலும் எதிரியின் வசம். வேலை தருவாரில்லை, தங்க இடம் தருவாரில்லை. வழக்கைக் கைவிட்டால் பெருந்தொகை தருவதாக ஆசை காட்டியவர்களும் உண்டு. முதியவர் அசையவில்லை. ஆனால் 1870இல் தீர்ப்பு வருவதற்கு முன்னரே இறந்தார். அவரோடு அந்த வழக்கும் இறந்தது.

அதே ஆண்டில் மக்கள் மன்றத்தில் எப்பிங் காட்டிற்காக எழுந்து பேசியவர் ஹென்றி பாஸெட். இப்பெயரை நம் மாணவர் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவின் வரிப்பணம் வீணாவதைப் பாராளுமன்றத்தில் ஓயாது கண்டித்து, ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்ற பெயர் பெற்றவர் அவர். துருக்கி சுல்தானுக்கு 1867இல் இலண்டனில் நடந்த விருந்து நடனத்தின் செலவை இந்தியாவின் தலையில் கட்டியதை எதிர்த்தவரும் அவரே. 1874 தேர்தலில் அவர் தோற்றபோது, மீண்டும் நிற்பதற்காக இந்தியர்கள் பணம் திரட்டி அனுப்பினர். அவர் கண்பார்வை அற்றவர். 1858இல் வேட்டைக்குச் சென்றபோது தந்தையின் துப்பாக்கிச் சிதறல் பட்டு இரு கண்களையும் இழந்தார். அப்போது வயது இருபத்தைந்து. காட்டின் பச்சையை மீண்டும் காண முடியாத ஒருவர், அதைப் பிறர் காண்பதற்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். எஞ்சிய 3,000 ஏக்கரில் 600 ஏக்கரை மட்டும் மக்களுக்கு விடலாம் என்று அரசு தரப்பில் எழுந்த சமரசத்தை அவரும் அவர் நண்பர்களும் ஏற்கவில்லை.

ஆனால் வழக்காட ஒரு பொதுவுரிமையாளர் வேண்டுமே! சங்கத்தின் இளம் வழக்கறிஞர் ராபர்ட் ஹண்டர் பழைய ஏடுகளை ஆராய்ந்தார். இலண்டன் நகராண்மைக் கழகம் சுமார் 200 ஏக்கர் பரப்புள்ள ஒரு பண்ணையைக் காட்டின் தென்கோடியில் வாங்கியிருந்தது. எதற்காகத் தெரியுமா? இடுகாட்டிற்காக! அந்தப் பண்ணையோடு மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மாண்டவர்களைப் புதைக்க வாங்கிய நிலம் வாழ்பவர்களுக்குக் காட்டைத் திறந்துவிடும் சாவியாயிற்று. 1871இல் கழகம் வழக்குத் தொடுத்தது.

நிலக்கிழார்களின் வாதம் எளிது: ‘ஒவ்வொரு கிராமத்து வெளியும் தனித்தனி. உங்கள் பண்ணை இருக்கும் இடத்தில் மேயுங்கள். எங்கள் வேலியைக் கேட்க நீங்கள் யார்?’ ஹண்டர் காட்டிய சான்றுகள் வேறு கதை சொல்லின. பழங்காலத்தில் அரசரின் மானுக்காக எங்கும் வேலி இல்லாமையால், மாடுகளும் எல்லை அறியாமல் காடு முழுவதும் மேய்ந்தன. மாடுகளுக்குச் சூடு போடுவதற்குரிய குறிகளும், அவற்றைக் கண்காணித்த அலுவலர் கணக்குகளும் இருந்தன. எனவே காடு முழுவதும் ஒரே மேய்ச்சல் வெளி. ஒரு மூலையில் உரிமை உடையவனுக்கு எல்லா மூலையிலும் உரிமை உண்டு. 1874 நவம்பர் 10ஆம் நாள் நீதிபதி சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் இதனை ஏற்றார். 1851க்குப் பிறகு எழுப்பிய வேலிகள் முறையற்றவை என்றும், செலவை நிலக்கிழார்களே ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். அரசனுடைய மானுக்காக நின்ற விதி, மானே ஏறத்தாழ மறைந்த காலத்தில், இவ்வளவு பெரிய பயனைத் தந்தது.

1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் நிறைவேறிற்று. காட்டைக் காக்கும் பொறுப்பை நகராண்மைக் கழகம் ஏற்றது. வேலியும் கட்டடமும் இன்றி, மக்கள் பொழுதுபோக்கிற்கு உரிய திறந்த வெளியாக, அதன் இயற்கைத் தோற்றம் கெடாமல் என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்பது கட்டளை. நிலக்கிழார்களுக்கு மண்ணின் விலை கொடுக்கப்பட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கது. இலண்டனில் வந்திறங்கும் தானியத்தை அளந்து வரி வாங்கும் உரிமை கழகத்திற்குப் பழங்காலம் முதல் இருந்தது. 1872இல் அது திருத்தப்பட்டு, அவ்வருவாய் திறந்தவெளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஏழை உண்ட ரொட்டியிலிருந்தே அவனுடைய காட்டுக்கும் விலை போயிற்று என்று சொல்லலாம். 1882 மே 6ஆம் நாள் விக்டோரியா அரசியார் ஹை பீச் என்னும் இடத்திற்கு வந்து, காட்டை மக்களின் பயனுக்கு உரிமையாக்கினார்.

பாடநூலாக இருந்தால் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் விறகு வெட்டிகள் என்ன ஆனார்கள்?

கிளை கழிக்கும் உரிமை உண்மையே என்று, சட்டத்தின்படி அமர்த்தப்பட்ட நடுவர் சர் ஆர்தர் ஹாப்ஹவுஸ் கண்டார். 1872 முதல் 1877 வரை இந்தியாவில் வைசிராய் மன்றத்தின் சட்ட உறுப்பினராக இருந்து திரும்பியவர் அவர். உரிமை உண்மை, ஆனால் அது தொடர்ந்தால் உலாவ வருவோரின் அழகிய காடு கெடும் என்று அக்காலத்தார் கருதினர். ஆகவே உரிமை விலைக்கு வாங்கி அழிக்கப்பட்டது. நட்ட ஈட்டில் 7,000 பவுன் ஊருக்குப் பொதுவாக ஒரு மண்டபம் கட்டுவதற்குச் சென்றது. 1884இல் திறக்கப்பட்ட அம்மண்டபத்திற்குக் ‘கிளை கழித்தோர் மண்டபம்’ என்றே பொருள்படும்படி பெயரிட்டனர். குளிர்காலத்தில் ஏழையின் அடுப்பு எரிய வழிசெய்த உரிமைக்கு ஈடாக, வாசகசாலையும் கூட்டம் நடத்த இடமும் கிடைத்தன. அது நியாயமான பேரம் என்று சொல்வோர் உண்டு. நிலக்கரி மலிந்த காலம், விறகின் தேவை குறைந்துவிட்டது என்பர். இருக்கலாம். ஆனால் எவருடைய பிடிவாதத்தால் காடு பிழைத்ததோ அவர்தம் பிள்ளைகள் அதே காட்டில் அரிவாளோடு நுழைந்தால் குற்றம், கைவீசி நுழைந்தால் வரவேற்பு என்று ஆனதை எண்ணும்போது என் மனம் சமாதானம் கொள்வதில்லை.

காடும் சமாதானம் கொள்ளவில்லை. கழிப்பார் இன்றிக் கிளைகள் தடித்து ஓங்கின. நிழல் கனத்து, கீழே புல்லும் பூவும் குறைந்தன. தலை கனத்த கிழமரங்கள் பிளந்து விழுந்தன. பாதுகாவலர்கள் மரங்களைக் களைந்து இடைவெளி உண்டாக்க முயன்றபோது, ‘காட்டைக் காக்க வந்தவர்களே வெட்டுகிறார்களே’ என்று 1890களில் பெருங்கூச்சல் எழுந்தது. மாடுகளும் காலப்போக்கில் குறைந்தன. காட்டின் குறுக்கே மோட்டார் வண்டிகள் விரையும் காலத்தில் மேய்ப்பவர் எவர்? 1996இல் மாட்டு நோயின் காரணமாக மேய்ச்சல் அடியோடு நின்றது. எந்தப் பசுக்களின் உரிமையால் காடு வென்றதோ, அந்தப் பசுக்களே அங்கே இல்லாமற் போயின.

உலாவுபவர்களின் தொகை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. 1873இல் சிங்போர்டு ஊருக்கு இருப்புப் பாதை வந்தது. விடுமுறை நாள்களில் கிழக்கு இலண்டனே காட்டில் குடியேறியது போல் இருந்ததாம். 2020இல் கொள்ளை நோயால் வீடடைந்து கிடந்த மக்கள், வேறு போக்கிடம் இன்றி, காட்டை மொய்த்தனர். பல்லாயிரம் கால்கள் மிதித்தால் மண் இறுகுகிறது. மண் இறுகினால் வேர் மூச்சுத் திணறுகிறது. வேலி இல்லாமையே பெருமையாக இருந்த காட்டில், கிழமரங்களின் அடியைக் காலடியினின்றும் காப்பது எவ்வாறு என்று இப்போது ஆராய வேண்டியிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் புது வீடு கட்டுவோர் காட்டின் பராமரிப்புக்குப் பங்கு செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடும் வந்துள்ளது.

இனி ஒரு வினா எஞ்சுகிறது. பசுவின் உரிமை இல்லாத இடங்களில் மனிதன் என்ன செய்தான்? வடக்கே பீக் மலைப்பகுதியின் மேட்டுவெளிகளில் அவ்வுரிமைகள் வேலியடைப்பில் முன்னமே அழிந்திருந்தன. சில இடங்கள் செல்வரின் பறவை வேட்டைக்கு உரியவை. சில இடங்கள் நகரங்களின் குடிநீர்ப் பிடிப்பு நிலங்கள். அங்கே ஹண்டர் வழி செல்லாது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள் கிண்டர் ஸ்கவுட் மலையில் மான்செஸ்டர் நகரத்து இளந்தொழிலாளர் சில நூற்றுவர் தடையை மீறி ஏறினர். ஐவர் சிறைப்பட்டனர். அவர்களுள் பென்னி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞரும் ஒருவர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. ஆனால் மலையிலும் மேட்டுவெளியிலும் பொதுவெளியிலும் கால்நடையாக உலாவுவது உரிமையே என்று இங்கிலாந்தின் சட்டம் பரவலாக ஒப்புக்கொள்ள 2000ஆம் ஆண்டு ஆயிற்று. அதுவும் அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கிலேதான். ஸ்காட்லாந்து 2003இல் இதைவிட மிகப் பரந்த உரிமையை வழங்கிற்று. ராத்மன் 2002இல் காலமானார். 2000ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியதை அவர் கண்டார். அது நடைமுறைக்கு வந்ததைக் காணவில்லை.

எப்பிங் காட்டில் 2002இல் மீண்டும் பசுக்களை மேய விட்டிருக்கிறார்கள். நீண்டு வளைந்த கொம்புடைய பழைய ஆங்கில இனம் அது. பொதுவுரிமை கருதி அன்று. புல்லும் புதரும் பழைய அளவில் நிற்கப் பசுவின் வாய் வேண்டியிருக்கிறது என்பதற்காக. வேலி கட்டச் சட்டம் இடம் தராது. ஆகவே பசுவின் கழுத்தில் ஒரு பட்டை கட்டி, எல்லையை நெருங்கும்போது அதில் ஒலி எழுமாறு, கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்றை அமைத்திருக்கிறார்கள். கிழமரங்கள் சிலவற்றில் மெல்ல மெல்லக் கிளை கழிக்கும் பணியும் நடைபெறுகிறது. அதனைச் செய்பவர்கள் கூலி பெறும் வல்லுநர்கள். லௌட்டன் ஊரில் வில்லிங்கேலின் பெயரால் ஒரு தெருவும் ஒரு பள்ளியும் உள்ளன. மண்டபமும் நிற்கிறது. அதன் பழைய வாயிலின் மேலே, கிளை கழிக்கும் தொழிலாளர் உருவங்களைச் சுடுமண்ணில் வடித்து வைத்திருக்கிறார்கள்.